மடங்கிய கைகளை நிமிர்த்திய டாக்டர்

தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி விழுந்துவிடும். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் அப்படித்தான் நம்பினார்கள். டாக்டர்களில் பலரும் அப்படியே நம்பினார்கள்.

அது தவறு என்று எடுத்துக்காட்டியவர் ஒரு டாக்டர். நோய் விரலைத் தின்பதில்லை. வலி தெரியாமல் போவதால்தான் விரல் போகிறது என்று அவர் கண்டுபிடித்தார். மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். பிச்சைக்கு நீண்ட கைகளை உழைத்துச் சாப்பிடும் கைகளாக மாற்றினார்.

அவர் பெயர் பால் பிராண்ட். ஆங்கிலேயர்தான். ஆனால் அவர் வளர்ந்தது கொல்லிமலையில். சிறு வயதிலேயே தமிழ் பேசியவர். உலகம் போற்றிய ஆராய்ச்சியை அவர் செய்ததும் தமிழ்நாட்டில்தான்.

மலையில் ஒரு குடும்பம்

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, பைல் நாடு, அரியூர் நாடு என்று மலையைப் பல நாடுகளாகப் பிரித்து மக்கள் வாழ்கிறார்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ் மேலே போகிறது. அந்தக் காலத்தில் சாலை கிடையாது. நடந்துதான் ஏறவேண்டும். முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிச் செல்வார்கள். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து, சமவெளி மக்கள் அங்கே இரவு தங்கமாட்டார்கள்.

அந்த மலைக்கு 1913-ம் ஆண்டு ஓர் இளம் தம்பதி குடியேறினார்கள். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட். மனைவி ஈவ்லின். இருவரும் கிறிஸ்தவ ஊழியர்கள். ஜெஸ்ஸி கட்டிட வேலை தெரிந்தவர். லண்டனில் ஓராண்டு வைத்தியமும் படித்திருந்தார். வாழவந்தியில் தாமே மரம் அறுத்து வீடு கட்டினார். மலை மக்களுக்கு மருந்து கொடுத்தார்.

1914-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பால் பிறந்தார். பிறகு கோனி என்ற தங்கை பிறந்தாள். இரண்டு குழந்தைகளும் மலைப் பிள்ளைகளோடு சேர்ந்து மரம் ஏறினார்கள். ஓடைகளில் குதித்தார்கள். பால், மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டே பாடம் எழுதுவான். எழுதிய தாளைக் கீழே நிற்கும் தாயிடம் போடுவான்.

தண்ணீரில் வந்த நோய்

அன்று மலை மக்களை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. குடிக்கும் தண்ணீரோடு அந்தப் புழுவின் குஞ்சு உடம்புக்குள் போகும். ஓராண்டில் நூல் போல இரண்டு, மூன்று அடி நீளம் வளரும். பிறகு காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். புண் பழுத்து, ஆளைப் படுக்க வைத்துவிடும்.

ஜெஸ்ஸி பொறுமையாக, அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுப்பார். அதோடு நின்றுவிடவில்லை. நோய் எப்படி வருகிறது என்று மக்களுக்கு விளக்கினார். புண் உள்ளவர்கள் குடிக்கும் தண்ணீரில் இறங்கக்கூடாது, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவேண்டும், கிணற்றுக்குச் சுவர் எழுப்பவேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னார். நோய்க்கு மருந்து கொடுப்பது பாதி வேலை. நோய் வரும் வழியை அடைப்பது மீதி வேலை. சிறுவன் பால் இதைத் தந்தையிடம் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

இன்னொரு காட்சியும் அவன் மனதில் பதிந்தது. ஒரு நாள் வீட்டு வாசலுக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்களுடைய விரல்கள் குட்டையாக இருந்தன. காலில் கந்தல் சுற்றியிருந்தது. தாய் குழந்தைகளை உள்ளே போகச் சொன்னாள். பால் ஒளிந்திருந்து பார்த்தான். எந்த நோயாளியையும் வெறுங்கையால் தொடும் தந்தை, அன்று கையுறை மாட்டிக்கொண்டார். புண்களைக் கழுவிக் கட்டினார். வந்தவர்கள் போனபின், அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு விலகியிருக்கும்படி குழந்தைகளுக்குச் சொன்னார்கள். அது தொழுநோய் என்று பாலுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தந்தை மறைந்தார்

1923-ம் ஆண்டு, 9 வயதில், படிப்புக்காகப் பாலை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். அவனும் தங்கையும் லண்டனில் தாயின் சகோதரிகள் வீட்டில் தங்கினார்கள். பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள்.

அதன் பிறகு பால் தந்தையைப் பார்க்கவே இல்லை. 1929-ம் ஆண்டு ஜெஸ்ஸியை மலேரியா பிடித்தது. அது முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சலாக மாறியது. 44 வயதில் இறந்தார். மலை மக்கள் அவரை வாழவந்தியிலேயே அடக்கம் செய்தார்கள்.

சாவுச் செய்தி தந்தியில் லண்டனுக்குப் போய்விட்டது. ஆனால், தந்தை முன்பே எழுதி அனுப்பிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. இறந்துபோன தந்தையின் கடிதங்களை, 14 வயதுப் பையன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தான்.

கொத்து வேலை படித்தார்

பால் டாக்டராக விரும்பவில்லை. சீழையும் ரத்தத்தையும் நினைத்தாலே அவருக்குக் குமட்டும். தந்தையைப் போல் வீடு கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். 16 வயதில் பள்ளியை விட்டார். ஐந்து ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றார்.

பிறகு தந்தையைப் போலவே ஓராண்டு வைத்தியப் பயிற்சிக்குப் போனார். அங்கே ஒரு நாள், ரத்தம் இழந்து பிணம் போல் வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். பால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கன்னம் சிவந்தது. கண் திறந்தாள். அன்றோடு பாலின் மனம் மாறியது.

1937-ம் ஆண்டு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் டாக்டர் படிப்பில் சேர்ந்தார். உடன் படித்த மார்கரெட் பெர்ரி என்ற பெண்ணை 1943-ல் மணந்தார். அது உலகப் போர் நடந்த காலம். லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. இரவு பகலாகக் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்து, பால் தேர்ந்த சர்ஜனானார்.

ஐந்து ஆண்டு கொத்து வேலை வீண் என்று பலர் நினைத்தார்கள். அது வீணாகவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

வேலூருக்கு வந்தார்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சர்ஜன் தேவைப்பட்டார். தொழுநோய் நிபுணரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைத்தார். 1946-ம் ஆண்டு இறுதியில் பால் பிராண்ட் வேலூர் வந்தார். அடுத்த ஆண்டு மார்கரெட்டும் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள்.

1947-ல் ஒரு நாள் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். அங்கே நூற்றுக்கணக்கான நோயாளிகள். பலருடைய விரல்கள் பருந்தின் நகம் போல் உள்ளே மடங்கியிருந்தன. இந்தக் கை ஏன் இப்படி ஆகிறது என்று பிராண்ட் கேட்டார். காக்ரேன் தோல் நோய் நிபுணர். கைகளைப் பற்றி ஆராய வேண்டியது சர்ஜன்கள்தான்; ஆனால் ஒருவர்கூட முன்வரவில்லை என்று வருத்தப்பட்டார்.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையை விட்டு, அழுத்தும்படி சொன்னார். பலமே இருக்காது என்று நினைத்தார். ஆனால் நோயாளி அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. செத்துப்போன கை என்று உலகம் ஒதுக்கிய கையில் இவ்வளவு பலம் இருந்தது!

அந்த ஒரு அழுத்தம் அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

காரணம் தெரிந்தது

பிராண்டும் அவருடைய குழுவினரும் சுமார் 2,000 நோயாளிகளின் கைகளைப் பரிசோதித்தார்கள். எந்தத் தசை வேலை செய்கிறது, எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்று ஒவ்வொன்றையும் குறித்தார்கள். ஓர் உண்மை தெரிந்தது. எல்லாருக்கும் உள்ளங்கையில் இருக்கும் அதே சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. முழங்கைக்குக் கீழே உள்ள பெரிய தசைகள் பெரும்பாலும் நன்றாக இருந்தன.

இது ஏன்? ஒரு நாள் செங்கல்பட்டில் ஒரு நோயாளி இறந்தார். உடலைச் சோதிக்க அனுமதி கிடைத்தது. பிராண்ட் வேலூரிலிருந்து விரைந்து போனார். இரவோடு இரவாக நரம்புகளைப் பிரித்துப் பார்த்தார். தோலுக்கு அருகில், குளிர்ச்சியான இடங்களில் மட்டும் நரம்புகள் வீங்கியிருந்தன. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், முகம் ஆகிய இடங்கள் அவை. ஆழத்தில் போகும் நரம்புகள் கெடவில்லை.

தொழுநோய்க் கிருமி குளிர்ந்த இடத்தை விரும்பும். அந்த இடத்து நரம்பு கெடுகிறது. அதனால் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல் மடங்குகிறது.

முதல் ஆபரேஷன்

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. தசையை எலும்போடு இணைப்பது நாண். அது வெள்ளைக் கயிறு போல் இருக்கும். ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய்த் தைத்தால், செயலிழந்த தசையின் வேலையை அது செய்யும். போலியோவால் கை முடங்கியவர்களுக்கு இப்படிச் செய்தது உண்டு. தொழுநோயாளிக்குச் செய்ய ஒருவரும் துணியவில்லை. அந்தச் சதையில் புண் ஆறாது என்றார்கள்.

இன்னொரு தடையும் இருந்தது. தொழுநோயாளியைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று பொது ஆஸ்பத்திரிகள் பயந்தன. முதலில் ஒதுக்குப்புறத்தில் இருந்த ஒரு சாமான் அறையில்தான் ஆராய்ச்சி நடந்தது.

1948-ல் ஓர் இளைஞர் வந்தார். படித்தவர். நோய் வந்ததால் தெருவுக்கு வந்தவர். கை மடங்கி, காலில் புண்ணோடு இருந்தார். பிராண்ட் அவர் கையில் ஆபரேஷன் செய்தார். புண் சாதாரணமாக ஆறியது. கட்டுப் பிரித்து, நாள்தோறும் பயிற்சி கொடுத்தார்கள். விரல்கள் நிமிர்ந்தன. சோற்றைக் கையால் உருட்டி எடுத்து அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

பிச்சை கிடைக்கவில்லை

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கை குணமானவர்கள் சிலர் சோகத்தோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாக இருப்பதால் இப்போது பிச்சை போட ஆள் இல்லை. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலை கொடுக்கவும் ஆள் இல்லை. முன்பு அரை வயிற்றுக்காவது கிடைத்தது. இப்போது அதுவும் இல்லை.

பிராண்ட் யோசித்தார். கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழில் வேண்டும் என்று புரிந்தது. வேலூர் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் தோன்றியது. கிராமத்து வீடு போன்ற சிறு சிறு வீடுகள். அங்கே நோயாளிகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். இளமையில் ஐந்து ஆண்டு உளி பிடித்த டாக்டர், தாமே அருகில் நின்று வேலை காட்டினார்.

வலி என்ற காவல்காரன்

பெரிய உண்மை அந்தப் பட்டறையிலிருந்துதான் வெளிவந்தது.

ஒரு நாள் பிராண்ட் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முயன்றார். சாவி திரும்பவில்லை. ஒரு சிறுவன் வந்து, தான் திறப்பதாகச் சொன்னான். மெலிந்த பையன். ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பிராண்ட் வியந்தார். பிறகு தரையில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்தார். சாவி அவன் விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை.

பலசாலி என்பதால் அவன் திறக்கவில்லை. வலி இல்லாததால் திறந்தான். வலி என்பது உடம்பின் காவல்காரன். அந்தக் காவல்காரன் போய்விட்டால், கை எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியாது. சுடும் பாத்திரம் தெரியாது. குத்தும் முள் தெரியாது.

அன்று முதல் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். தினமும் நோயாளிகளின் கையையும் காலையும் பார்த்தார்கள். ஒரு புண் சுத்தியல் பிடியால் வந்தது. ஒன்று அடுப்பால் வந்தது. ஒன்று விளக்குத் திரியால் வந்தது. தானாக வந்த புண் என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை.

ஆனால் ஒரு புதிர் மிஞ்சியது. இரவு படுக்கும்போது முழுதாக இருந்த விரலில், காலையில் ஒரு துண்டைக் காணோம். இரவில் கண் விழித்துக் காவல் இருந்தார்கள். ஓர் எலி வந்து, தூங்கும் நோயாளியின் விரலைக் கடித்தது. நோயாளி அசையவில்லை. அன்றிலிருந்து நோயாளிகளோடு பூனைகளும் குடியிருந்தன. ஊர் திரும்புகிறவர்கள் பூனையையும் கூட எடுத்துப்போனார்கள்.

கருவிகளுக்குத் தடித்த மரப்பிடி போட்டார்கள். பாத்திரத்தைத் துணி இல்லாமல் தொடக்கூடாது என்று பழக்கினார்கள். புதிய புண்கள் குறைந்தன. விரல்கள் தப்பின.

டாக்டருக்கே வந்த பயம்

1950-களின் தொடக்கத்தில் பிராண்ட் வெளிநாட்டுப் பயணம் போனார். கப்பலிலும் ரெயிலிலும் களைத்து லண்டன் வந்து, இரவு காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியை எடுத்துக் குத்தினார். வலிக்கவில்லை. ரத்தம் வந்தது, வலி மட்டும் வரவில்லை.

தொழுநோய் தமக்கும் வந்துவிட்டது என்று நினைத்தார். மனைவியையும் குழந்தைகளையும் இனித் தொட முடியாதே என்று தவித்தார். இரவு முழுவதும் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி ஊசியால் குத்தினார். சுரீர் என்று வலித்தது. ரெயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததால் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவுதான். வாழ்நாளில் அவருக்கு வேறு எந்த இன்பமும் அந்த வலியைப் போல் இனிக்கவில்லை. தம் நோயாளிகள் எத்தனை இரவுகள் இப்படித் தவித்திருப்பார்கள் என்பதையும் அன்று உணர்ந்தார்.

காலும் கண்ணும்

காலில் வரும் ஆழமான புண் இன்னொரு கொடுமை. அதற்கு மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம் என்று பிராண்ட் கண்டார். வலி இல்லாதவர் ஓய்வெடுக்கமாட்டார். புண்ணின் மேலேயே நடப்பார். அதனால் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார். இந்தியாவிலும் இலங்கையிலும் முன்பே சில டாக்டர்கள் செய்து பார்த்த முறை அது. பிராண்ட் அதை ஆராய்ந்து பரப்பினார். ஆறிய கால் மறுபடி புண்ணாகாமல் இருக்க, மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளைச் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சொல்வது அதைத்தான்.

மனைவி மார்கரெட் கண் டாக்டரானார். தொழுநோயாளிகள் சிலருக்கு இமை மூடாது. கண் உலர்ந்து பார்வை போய்விடும். மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்து ஆபரேஷன் செய்தார்கள். வாயை மென்றால் இமை மூடியது. பலருக்குப் பார்வை தப்பியது.

1955-ல் வேலூருக்கு அருகே காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பல நாட்டு டாக்டர்கள் அங்கே வந்து ஆபரேஷன் கற்றுப்போனார்கள். 1960-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் லாஸ்கர் பரிசு பிராண்டுக்குக் கிடைத்தது. 1961-ல் இங்கிலாந்து அரசு சி.பி.இ. பட்டம் கொடுத்தது.

மலைக்குத் திரும்பிய தாய்

மகன் வேலூரில் உழைத்த காலத்தில், தாய் ஈவ்லின் கொல்லிமலையில் உழைத்தார். 68 வயதானபோது, அவரைச் சார்ந்த சபை ஓய்வு கொடுத்தது. அவரோ சொந்தப் பொறுப்பில் மலை ஏறிவிட்டார். மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். விழுந்து எலும்பு முறிந்த பிறகும் மலை வேலையை விடவில்லை. கொல்லிமலையோடு பக்கத்து மலைகளுக்கும் சென்றார். கணவர் போரிட்ட நரம்புச் சிலந்தி நோய் கொல்லிமலையை விட்டு ஏறக்குறைய மறைந்ததைப் பார்த்தார். 1974-ம் ஆண்டு டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கணவர் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். இந்தியா முழுவதும் நரம்புச் சிலந்தி ஒழிந்ததாக 2000-ம் ஆண்டில் அறிவித்தார்கள்.

பணம் வாங்கித் தராத வலி

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரிலுள்ள தொழுநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். 20 ஆண்டுகள் அங்கே வேலை செய்தார். வலி இல்லாதவர்களுக்குச் செயற்கையாக வலி உண்டாக்க முடியுமா என்று ஆராய்ந்தார். பெரும் பணம் செலவாயிற்று. ஆபத்து வந்தால் ஓசை எழுப்பும் கையுறை செய்தார்கள். நோயாளிகள் ஓசையைப் பொருட்படுத்தவில்லை. மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை செய்தார்கள்! இயற்கை இலவசமாகக் கொடுத்ததை மனிதன் பணத்தால் செய்ய முடியவில்லை.

ஆனால் வேறொரு நன்மை விளைந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கும் காலில் உணர்ச்சி குறைகிறது; அதனால்தான் புண் வந்து காலை எடுக்க நேருகிறது என்று பிராண்ட் எடுத்துச் சொன்னார். வேலூரில் ஏழைத் தொழுநோயாளிகளிடம் கற்ற மாவுக்கட்டும் மெத்தென்ற செருப்பும் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றப் பயன்பட்டன. தினமும் பாதத்தைப் பார்க்கவேண்டும், வெறுங்காலில் நடக்கக்கூடாது என்று இன்று டாக்டர்கள் சொல்லும் புத்திமதிக்குப் பின்னால் அந்த உழைப்பும் இருக்கிறது.

2003-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பால் பிராண்ட் இறந்தார். வயது 88. மார்கரெட் 2014-ல் மறைந்தார்.

தொழுநோய்க்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. ஆறு மாதமோ, ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனாலும் 2022-ம் ஆண்டில்கூட இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாக நோய் கண்டது. உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டவேண்டும். காலத்தில் காட்டினால் ஒரு விரலும் மடங்காது. ஒரு குடும்பமும் தெருவுக்கு வராது.